வாயும் இல்லை, வாக்கும் இல்லை!

"தேவாங்கு மாதிரி நிற்கிறாயே!" என்று மெலிந்த பையனைப் பார்த்து ஏசுவது நமது வட்டாரத்துப் பழக்கம். ஏசுவோர் ஆயிரம் பேர். தேவாங்கைக் கண்ணால் கண்டோர் எத்தனை பேர்?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழன்தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் அந்த ஊரை நாடறியும். அதைச் சுற்றியுள்ள கரடுகளிலும் தோட்டத்து வேலியோர மரங்களிலும் வாழ்கிறது, நாம் ஏச்சுக்குப் பயன்படுத்தும் அந்தப் பிராணி. கால் கிலோ எடை, வால் கிடையாது, முகத்தில் பாதி கண். பகலெல்லாம் உறங்கி, இரவெல்லாம் கிளைகிளையாய் மெல்ல நடந்து, பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. உழவனிடம் கூலி கேட்காத காவற்காரன்!

அதற்கு நாம் கொடுத்த பரிசு என்ன? முகத்தில் விழித்தால் ஆகாது என்றோம். மாந்திரீகத்துக்கு உதவும் என்றான் ஒருவன். கண்ணை எடுத்து மருந்து செய்யலாம் என்றான் இன்னொருவன். மூடநம்பிக்கை மனிதனை மட்டுமா கெடுக்கிறது? மரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஜீவனையும் அல்லவா கொல்கிறது!

அந்தத் தேவாங்குக்கு 2022 அக்டோபரில் ஒரு நாடு கிடைத்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் எனத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென அமைந்த சரணாலயங்களில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகள் இதில் சேர்ந்தவை. பட்டா நிலம் பறிபோகுமோ என்று அஞ்சியவர்கள் உண்டு. அறிவிக்கப்பட்டது முன்பே காப்புக்காடாக இருந்த நிலம்தான்.

இது கோட்டையில் யாரோ கனவு கண்டு பிறந்த ஆணை என்று எண்ணுகிறீர்களா? நம் மாவட்டத்து ஆர்வலர்கள் பல ஆண்டுகள் இரவில் விளக்கேந்திக் காட்டோரம் அலைந்தார்கள். எங்கே எத்தனை தேவாங்கு என்று எண்ணினார்கள். கிராமத்தாரிடம் பேசினார்கள். சரணாலயம் வேண்டும் என்று அதிகாரிகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பிறகு அரசாணை வந்தது. இருட்டில் கண்ட ஒரு கண்ணொளியைக் காகிதத்தில் எண்ணாக எழுதிக் கொண்டுபோய் வைத்தவன்தான், அந்த ஆணையின் முதல் வரியை எழுதியவன்!

தேவாங்குக்குக் காடு கிடைத்தது, சரி. ஆனால் காட்டில் இல்லாமல் நம்மோடு உழைக்கிற மாட்டுக்கு என்ன கிடைத்தது?

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. மாநிலங்கள் அவையின் நியமன உறுப்பினர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களிக்கவே அதைத் திரும்பப் பெற்றார். பின்னர் சட்டமும் வந்தது. அவர் நம் மேடையில் நின்றவர் அல்லர். ஆயினும் ஒற்றை உறுப்பினர் முனைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965இல் விதிகள் வந்தன. வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது! எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் நாம். மாட்டுக்கும் வேலை நேரம் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சித்திரை வெயிலில் இந்தச் சமவெளி 37 டிகிரியோடு நின்றுவிடுமா?

மீறினால் தண்டனை? வதைத்தவனுக்கு முதல் குற்றத்திற்கு 1960ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அன்று அது தொழிலாளியின் பல நாள் கூலி. இன்று? ஒரு டீயும் வடையும்! தண்டனையைப் பன்மடங்கு உயர்த்தும் திருத்த வரைவை 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டு, டிசம்பர் 7க்குள் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றது. நமது மன்றங்களிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் எத்தனை கடிதம் போயிற்று, தோழர்களே? நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளிகளே. இந்தப் பகுதியில் அன்று ஒரு வரி எழுதவில்லை.

அபராதத்தை உயர்த்தினால் வண்டிக்காரன் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தன் மாட்டைப் பிள்ளையாய் வளர்ப்பவன் அவன். பாரத்தை ஏற்றச் சொல்லும் முதலாளியையும், லாரியில் மாடுகளை மூச்சுமுட்ட அடைக்கும் வியாபாரியையும் பிடிக்கும்படி சட்டம் எழுதுங்கள் என்றே கேட்போம். கேட்கிறவன் ஏழையானால்தான் சட்டம் ஏழையை மிதிக்காமல் இருக்கும்.

யாரிடம் கேட்பது? "அது டெல்லிச் சட்டம்" என்று கைவிரிக்க வேண்டாம். மிருகவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 2017 ஜனவரி 23இல் இதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நமது சட்டமன்றமே திருத்தியது; ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மக்கள் திரண்டதன் விளைவு அது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே 18இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஜல்லிக்கட்டைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். ஒரு வாரத்தில் சட்டமன்றத்தை அசைக்க மக்களால் முடியும் என்பதில் இரண்டாம் கருத்து உண்டா? விளையாட்டுக்காக அசைத்தோம். வண்டியிழுக்கும் மாட்டுக்காக ஒரு மகஜர் எழுதக் கூடாதா?

பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என ஏழு சட்டமன்ற உறுப்பினர்களை அனுப்புகிறது நமது மாவட்டம். அவர் எந்தக் கட்சியானால் என்ன? ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். பத்துக் கோரிக்கையை ஒரே தாளில் திணிக்காதீர்கள். பத்து கேட்டவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன மாற்றம் என்று சொல்லுங்கள். அவையில் கேள்வியாக எழுப்புங்கள் என்று கேளுங்கள். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒன்று அனுப்புங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுவது உங்களுக்குத் தெரியும். மே தினத்தன்று மாட்டின் வேலை நேரத்தைப் பற்றித் தீர்மானம் போட்டால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறை கேட்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது புதுச் சட்டமல்ல. இருக்கிற 1965 விதியைத் தமிழில் அச்சிட்டுச் சந்தை வாசல்தோறும் ஒட்டுங்கள் என்பதே. அய்யலூர்ச் சந்தையிலிருந்து தொடங்கலாம். மனுவின் படியொன்றை மன்றத்துக் கோப்பில் வையுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.