வாங்காத கடனுக்கு யார் பொறுப்பு?

கை நீட்டி வாங்காத பணத்தைக் கட்டு என்கிறார்கள். கையெழுத்துப் போடாத கடனுக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். மில்லிலும் வயலிலும் உழைத்துப் பிழைக்கிற குடும்பங்களின் தலையில் இன்று இப்படி ஒரு புதுச் சுமை ஏறியிருக்கிறது. ஆதார் அட்டையின் நகல் ஒன்று, பான் கார்டு எண் ஒன்று, சில நிமிஷம் யார் கையிலோ இருந்த செல்போன் - இவ்வளவு போதும். எவனோ ஒருவன் நம் பெயரில் கடன் வாங்கி விடுகிறான். பணத்தோடு அவன் போய் விடுகிறான். பெயர் நம்முடையது, எனவே கடனும் நம்முடையது என்று கணக்கு எழுதப்படுகிறது.

இதெல்லாம் பணக்காரர்களுக்கு வரும் தொல்லை, நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. பாங்கில் பணம் இல்லாதவனுக்கும் பெயர் உண்டு. எங்கும் பழைய பாக்கி இல்லாத பெயர், திருடனுக்கு நல்ல முதல்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். கணவன் நூற்பாலையில் இரவு ஷிப்டு. மனைவி நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறார். வீட்டுக்கு ஒரே செல்போன். கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு அந்த அம்மாள் பாங்குக்குப் போகிறார். "உங்கள் பெயரில் வேறொரு கம்பெனியில் 40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது, கடன் தர முடியாது" என்று பதில் வருகிறது. அந்தக் கம்பெனியின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. மாடு போயிற்று. அடுத்த வாரம் வசூல்காரன் வருகிறான். தெரு வேடிக்கை பார்க்கிறது. அந்த வீட்டில் அன்றிரவு உலை கொதிப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது? வழிகள் மிகச் சாதாரணமானவை. தெருவோரம் குடை போட்டு சிம் கார்டு விற்பவன், "ரேகை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்கிறான். இரண்டாவது ரேகைக்கு இரண்டாவது சிம் பிறக்கிறது. அது நம் கைக்கு வருவதில்லை. சர்க்கார் உதவிப் பணம் வருகிறது என்று சொல்லி ஒருவன் ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிப் போகிறான். வேலைக்கு ஆள் சேர்ப்பவனிடம் கொடுத்த காகிதங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. குழுக் கடனுக்காக ஒரு முறை கொடுத்த நகலில் ஏஜெண்ட் இரண்டாவது கடனையும் எழுதி விடுகிறான்.

திருடனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவனுக்குக் கதவைத் திறந்து விட்டவனைப் பற்றிப் பேச வேண்டாமா? ஆளைப் பார்க்காமல், வீட்டைப் பார்க்காமல், "ஐந்தே நிமிஷத்தில் கடன்" என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த அவசரம் யாருடைய லாபத்துக்காக? கடன் கொடுப்பவனுடைய லாபத்துக்காக. அவசரத்தில் வரும் லாபம் அவனுக்கு, அதே அவசரத்தில் வரும் நஷ்டம் மட்டும் கூலிக்காரனுக்கா? இது என்ன நியாயம்?

இந்தச் சூது நமக்குப் புதிதல்ல, வேஷம்தான் புதிது. வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக் கொண்டு, பிறகு விருப்பம் போல் தொகை எழுதிய மிராசுதாரர்களை நம் பாட்டன்மார் அறிவார்கள். அன்று பெருவிரலில் மை தடவினார்கள். இன்று கண்ணாடிச் சில்லில் அதே பெருவிரலை வைக்கச் சொல்கிறார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அதன் 15-வது பிரிவில் ஒரு நல்ல நீதி எழுதப்பட்டது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி அல்ல என்று நிரூபிக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன். ஏழை சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. இந்த நீதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்; மீண்டும் இதற்கு வருவோம்.

அதற்கு முன் கசப்பான ஒரு விஷயத்தையும் பேசியாக வேண்டும். திருடன் எப்போதும் வெளியாள் அல்ல. தாய்க்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்லும் மகனே அந்த எண்ணைக் கொண்டு கடன் எடுத்து விடுகிறான். அத்தையின் ஆதாரை வைத்து மருமகன் தவணையில் செல்போன் வாங்கி விடுகிறான். அண்ணியின் பெயரில் கொழுந்தன் கடன் எடுத்து சூதாட்ட ஆப்பில் தொலைத்து விடுகிறான். விஷயம் வெளியே வந்ததும் வீட்டில் அடிதடி; அல்லது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடி மறைப்பு. பிறகு அந்தத் தாயே தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டுகிறார். அல்லது பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குகிறார்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் மகனை நம்பிச் செல்போனைக் கொடுத்தது குற்றமல்ல. தலை குனிய வேண்டியவர் அவர் அல்ல. வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து, யார் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்று முழுக் கணக்கையும் எழுத வேண்டும். தெரிந்தே கையெழுத்துப் போட்டு மகனுக்காக வாங்கிய கடன் என்றால், சட்டப்படி அது நம் கடன்தான். அதை வாங்காத கடன் என்று சொல்லக் கூடாது. தெரியாமல் எடுத்தது என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புகார். மற்றது, எடுத்தவனே முன்வந்து தன் கூலியிலிருந்து அடைப்பது. எந்த வழி என்பதை யார் பெயர் கெட்டதோ அவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டு ஆண்கள் கூடிப் பேசி அவர் தலையில் கட்டக் கூடாது. அடைப்பதென்றால் ஏஜெண்ட் கையில் ஒரு ரூபாயும் தர வேண்டாம். கம்பெனிக் கணக்கிலேயே கட்டி, ரசீதும், பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்க வேண்டும்.

வெளியாள் செய்த மோசடி என்றால் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, பயந்து ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். "இப்போதைக்கு ஆயிரம் கட்டுங்கள், பிறகு பேசுவோம்" என்பான். அந்த ஆயிரத்தைக் காட்டியே, கடனை ஒப்புக் கொண்டார்கள் என்று நாளை வாதாடுவான்.

இரண்டாவது, கம்பெனிக்கு எழுத்து மூலம் நான்கு கேள்விகள் அனுப்புங்கள். விண்ணப்பம் எங்கே? அதில் உள்ள போட்டோவும் கையெழுத்தும் யாருடையவை? ஓ.டி.பி. எந்தச் செல்போனுக்குப் போயிற்று? பணம் யாருடைய பாங்குக் கணக்கில் விழுந்தது? செல்போன் மூலம் தரும் கடனை, கடன் வாங்குபவரின் சொந்தப் பாங்குக் கணக்கில்தான் நேரடியாகப் போட வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு விதி போட்டது. எனவே நான்காவது கேள்வி முக்கியமானது. பணம் நம் கணக்குக்கு வரவில்லை என்றால் பொய் அங்கேயே அகப்படும்.

மூன்றாவது, கடன் தகவல் கம்பெனிகளின் ஏட்டைப் பாருங்கள். நாட்டில் இப்படி நான்கு கம்பெனிகள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க். யார் எங்கே கடன் வாங்கினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்பது இவற்றின் ஏட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒவ்வொரு கம்பெனியும் இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கலாம், நான்கையும் பாருங்கள். நம்முடையதல்லாத கடன் இருந்தால் ஆட்சேபணை எழுதுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. கேட்டு வாங்குவது நம் உரிமை.

நான்காவது, போலீசில் புகார் செய்யுங்கள். பணமோசடிக்கு 1930 என்ற எண் உண்டு. உள்ளூர் ஸ்டேஷனிலும் எழுத்து மூலம் கொடுங்கள். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தக் காகிதம் இல்லாமல் கம்பெனிகள் பெரும்பாலும் அசைவதில்லை.

ஐந்தாவது, கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஆறாவது, திறந்து கிடக்கும் கதவை மூடுங்கள். ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்க வசதி உண்டு. 1947-க்குப் பேசினால் வழி சொல்வார்கள். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, நம்முடையதல்லாததை நிறுத்தச் சொல்லலாம். நகல் கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

வசூல்காரனுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது; சிறு கடன்களுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டவோ, உறவினரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் போய் அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் நாள், நேரம், பேச்சு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அதுவும் சாட்சி.

பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பும் பெண், ஒற்றையாக இத்தனை படிகளையும் ஏற முடியுமா? முடியாது. அலைந்து அலுத்துப் போய்க் கட்டி விடுவாள் என்பதுதான் எதிரியின் கணக்கு. அந்தக் கணக்கை முறிக்க வேண்டும். ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையும் வாரத்தில் ஒரு மாலை இதற்கென ஒதுக்க வேண்டும். படித்த இளைஞர் இருவர் அறிக்கையை எடுத்துப் பார்த்து, கடிதம் எழுதித் தரட்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது நாலு பேர் உடன் போகட்டும். தனியாக வந்தவரை நாளைக்கு வா என்று அனுப்புகிற அதிகாரி, நாலு பேரைக் கண்டால் நாற்காலியைக் காட்டுவார்.

ஆனால் இது மட்டும் போதாது. 2025 ஜனவரி முதல் கடன் கம்பெனிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கணக்கை ஏட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. பொய்க் கடன் ஏறப் பதினைந்து நாள். அதை இறக்க முப்பது நாள். அதுவும் ஏழைதான் ஓடி ஓடி இறக்க வேண்டும்! பாங்குக் கணக்கிலிருந்து பணம் திருடு போனால், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பாரம் பாங்குடையது என்று ரிசர்வ் பாங்கே 2017 ஜூலையில் உத்தரவு போட்டது. கணக்கில் பணம் உள்ளவருக்குக் கிடைத்த அந்த நீதி, பெயர் மட்டும் உள்ள கூலித் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

1976-ம் வருஷச் சட்டத்தின் நீதியைத்தான் நாம் இங்கும் கேட்கிறோம். இந்தக் கடன் நான் வாங்கியதல்ல என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், வாங்கினார் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் வரை வசூல் நிற்க வேண்டும். ஏட்டில் கரும்புள்ளி விழக் கூடாது. நிரூபிக்க முடியாவிட்டால் கடனைத் தள்ளி, அலைந்த நாளின் கூலியையும் தர வேண்டும். கடன் அறிக்கை ஒவ்வொரு தபாலாபீசிலும் தமிழில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

வாங்கிய கடனை வயிற்றைக் கட்டியாவது அடைத்து வந்தவர்கள் நம் மக்கள். அந்த நாணயத்தின் மீது ஏறி நின்றுதான் இந்த மோசடி நடக்கிறது. கடன் என்று சொன்னதும் தலை குனிகிற பழக்கத்தை விடுவோம். "காகிதத்தைக் காட்டு" என்று கேட்போம். காட்ட முடியாதவனுக்கு ஒரு காசும் இல்லை.