பல்கலைக்கழக வாயிலும் கிராமப் பள்ளியும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும்போது தமிழர் வீடுகளில் என்ன நிகழும் என்பதை நாம் விவரித்துக் கூறவேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பிரவேசத்துக்குத் தகுதியுடையோர் என அறிவிக்கப்படும் பிள்ளைகளுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்கே இந்நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. எஞ்சிய மூன்று பங்கினரும் தகுதியிருந்தும் இடமற்றோர் என்னும் விசித்திரமான வகுப்பினராகின்றனர். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியெய்துதல், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிக்குக் குறையாது பெறுதல் என்னும் இவ்விரண்டும் இருந்தால் தகுதி வந்துவிடுகின்றது. ஆனால் தகுதி வேறு, தெரிவு வேறு. பிள்ளைகளின் தலைவிதியை நிர்ணயிப்பது தெரிவு விதியே. அவ்விதியைப் பற்றியே இன்று எமது வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

தெரிவு விதி என்றவுடன் எமது நினைவு 1970ஆம் ஆண்டுக்கே செல்கின்றது. அவ்வாண்டிலே பொறியியற் பிரவேசத்துக்குச் சிங்கள மொழிமூலம் பரீட்சை எழுதியோருக்கு 227 புள்ளி போதுமென்றும், தமிழ் மொழிமூலம் எழுதியோர் 250 பெறவேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. மருத்துவத்துக்கு 229, 250 என்பன அவ்விரு எல்லைகள். பரீட்சை ஒன்று, வினாக்கள் ஒன்று, விடை எழுதிய பாஷை மாத்திரமே வேறு. பின்னர் 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் அதன்மேல் மாவட்டப் பங்கீடும் வந்தன. 1969-70இல் பொறியியற் பீடத்திற் புகுந்தோருள் ஏறத்தாழப் பாதியினராயிருந்த தமிழ் மாணவர் 1974இல் ஆறிலொரு பங்கினராய்ச் சுருங்கினர். ஒரு தலைமுறையின் நெஞ்சில் விழுந்த இவ்வடு இன்னும் ஆறவில்லை. அவ்வநீதியை இப்பத்திரிகை ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டாது.

ஆயினும் 1970இன் விதி இன்று நடைமுறையில் இல்லை. அதனை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு இன்றைய விதியைத் தாக்குவோர் எம்மவருள்ளும் பலர். அத்தகையோரின் வாதங்களை நாம் பொதுக்கூட்டங்களிலும் கேட்டிருக்கின்றோம், நீதிமன்ற ஓய்வறைகளிலும் கேட்டிருக்கின்றோம். ஆகவே இன்றைய விதி என்னவென்பதைச் சிறிது விளக்குதல் அவசியமாகின்றது.

2001ஆம் ஆண்டு முதல் மாணவர் இசட் புள்ளி என்னும் கணக்கினால் நிரைப்படுத்தப்படுகின்றனர். பெயரைக் கேட்டு விவசாயிகளான எமது வாசகர்கள் மலைக்கவேண்டியதில்லை. வலிகாமத்திலே வெங்காயம் நட்டவனின் விளைச்சலையும், இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைத்தவனின் விளைச்சலையும் அந்தர்க் கணக்கில் நிறுத்து, எவன் கெட்டிக்காரன் என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது. வெங்காயக்காரனை மற்றை வெங்காயக்காரரின் சராசரியோடும், நெற்காரனை மற்றை நெற்காரரின் சராசரியோடும் ஒப்பிட்டு, அவரவர் தத்தம் கூட்டத்தில் எவ்வளவு முன்னின்றார் என்று பார்த்தலே முறை. உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் பொருளியலையும் இவ்வாறே அளந்து, மூன்று பாடங்களின் சராசரியை எடுப்பதே இசட் புள்ளி. ஒரு பாடத்தை எழுதியோர் யாவரும், எம்மொழியில் எழுதினும், ஒரே கூட்டமாகவே கணிக்கப்படுகின்றனர். இக்கணக்கும் தவறாது என்பதற்கில்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாய்க் கலந்து கணித்துவிட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அப்புள்ளிகளை இரத்துச் செய்து, வெவ்வேறாகக் கணிக்கும்படி பணித்தது. வெங்காயத்தையும் நெல்லையும் ஒரே தராசில் ஏற்றிய குற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு நிரைப்படுத்திய பின்னரே பங்கீடு தொடங்குகின்றது. இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்கள் 25க்கும் அவற்றின் சனத்தொகை விகிதப்படியும், 5 கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் செல்கின்றன. முல்லைத்தீவும் மன்னாரும் மட்டக்களப்பும் நுவரெலியாவும் அப்பின்தங்கிய வரிசையில் உள்ளவை. அங்குள்ளோரும் தமிழ் பேசும் மக்களே. திறமை ஒன்றே அளவாக இருக்கட்டும் என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து முழங்கும் கனவான்கள், அம்முழக்கம் வென்றால் முதலில் வாயில் அடைபடுவது ஒட்டுசுட்டானில் வாழும் பிள்ளைக்கும் வாகரையில் வாழும் பிள்ளைக்குமே என்பதைச் சிந்தித்ததுண்டா?

அப்படியாயின் இன்றைய விதி நீதியானதா? அன்று என்பதே எமது விடை. அதன் குற்றம் பின்தங்கியோருக்கு இடம் கொடுப்பதில் இல்லை. பின்தங்கியோர் யாவர் என்று கண்டறியும் முறையிலேதான் இருக்கின்றது.

சனத்தொகையை முதலில் எடுப்போம். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, கிளிநொச்சி நீங்கலாக, யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2012இல் அத்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரம். மற்றை மாவட்டங்கள் பெருகிய காலத்தில் இம்மாவட்டம் சிறுத்தது. ஊரைவிட்டு ஓடியவன் தன் வீட்டையும் காணியையும் இழந்ததோடு, விட்டுச்சென்ற அயலவன் பிள்ளையின் பல்கலைக்கழக இடத்திலும் ஒரு துண்டை அறியாமலே எடுத்துச் சென்றான். போரினால் நேர்ந்த நட்டத்தைப் பங்கீட்டு விதி ஈடுசெய்யவில்லை. அதனை இன்னொருமுறை அறவிட்டது.

இதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. இந்நாட்டின் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் ஏறத்தாழப் பதினாயிரம். அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ளவை, அதாவது 1ஏபி என வகுக்கப்பட்டவை, பத்தில் ஒன்று அளவே. ஏனையவற்றிற் படிக்கும் பிள்ளை மருத்துவனாகவோ பொறியியலாளனாகவோ விரும்பினால் முதலில் தன் பள்ளியை விட்டு வெளியேறவேண்டும். நுவரெலியா மாவட்டத்தை நோக்குங்கள். பட்டினத்திலே வசதியுள்ள கல்லூரி ஒன்று, அதற்கு அப்பால் மலைச் சரிவிலே தேயிலைக் கொழுந்து பறிப்பவளின் மகன் படிக்கும் தோட்டப் பள்ளி ஒன்று. விதியின் கண்ணுக்கு இருவரும் ஒரே மாவட்டத்து மாணவர், ஒரே வெட்டுப்புள்ளிக்கு உரியவர். பின்தங்கிய மாவட்டம் என்னும் பெயரால் வரும் சலுகையையும் பட்டினத்துப் பிள்ளையே பெரும்பாலும் அள்ளிச் செல்கின்றான். கொழும்பு மாவட்டமோ முன்னேறிய மாவட்டம். முகத்துவாரத்து மீனவனின் மகள் கறுவாத்தோட்டத்து மாளிகைப் பிள்ளையோடு அதே உயர்ந்த வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகின்றாள். துணுக்காயிலிருந்து உயிரியல் ஆசிரியரைத் தேடி யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்து வாடகை அறையிற் படிக்கும் பிள்ளையின் கதை இன்னும் கொடிது. உயர்தரம் பயின்ற பள்ளியின் மாவட்டமே பெரும்பாலும் கணக்கிற் கொள்ளப்படுவதால், ஆசிரியர் இல்லாத குற்றத்துக்காக அப்பிள்ளை தன் மாவட்ட உரிமையையும் இழக்கின்றது.

மாவட்டப் பங்கீடு சட்டத்துக்கு முரணானதன்று என்பது தீர்ந்துபோன விஷயம். செனவிரத்ன எதிர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்னும் வழக்கிலே உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியானதென ஏற்றுக்கொண்டது. சமத்துவத்தைப் பற்றிய சட்டம் மக்களை வகுத்து நோக்குவதை முற்றாகத் தடுப்பதில்லை. ஆனால் வகுக்கும் முறைக்கும் அடையக் கருதிய நோக்கத்துக்கும் இடையே நியாயமான தொடர்பு இருக்கவேண்டுமென்று அது கேட்கும். இங்கே நோக்கம் யாது? பள்ளி வசதிக் குறைவினால் நேர்ந்த பின்னடைவை ஈடுசெய்தல். அந்நோக்கத்துக்கு மிக அண்மையில் நிற்பது பள்ளிக்கூடமே. கச்சேரி எல்லைக்கோடு தொலைவில் நிற்கின்றது. ஆகவே மாவட்டப் பங்கினுள்ளே, விஞ்ஞானப் பிரிவற்ற பள்ளிகளிற் சாதாரண தரம் வரை பயின்றோருக்கென ஒரு பகுதியை ஒதுக்குக என்பதே எமது கோரிக்கை. இப்பகுதி மொழியையோ இனத்தையோ பார்க்காது. மொனராகலைச் சிங்களச் சிறுவனுக்கும் மூதூர் முஸ்லிம் சிறுமிக்கும் அது ஒருங்கே பயன்படும்.

வசதியுள்ளோர் கடைசி இரண்டு ஆண்டுகளிற் கிராமப் பள்ளிக்குப் பெயரை மாற்றி ஏமாற்றுவார்கள் என்று ஆட்சேபிக்கலாம். ஏமாற்ற முயல்வார்கள் என்பது மெய்யே. அதனாலேயே உயர்தர வகுப்பைக் கணக்கிற் கொள்ளாது, ஆறாம் வகுப்பு முதற் சாதாரண தரம் வரையுள்ள ஐந்தாறு ஆண்டுகளை அளவாகக் கொள்ளவேண்டுமென்கின்றோம். பிற்காலச் சலுகை ஒன்றுக்காகப் பதினொரு வயதுப் பிள்ளையைப் பட்டினக் கல்லூரியிலிருந்து பறித்துப் பூநகரிக்கு அனுப்பும் தந்தை யாரேனும் உளராயின், அப்பிள்ளையோடு ஒரு நல்ல ஆசிரியரையும் பூநகரிக்குக் கொண்டுபோகும்படி நாம் அவரை வேண்டுவோம்.

இனி, தாதியர் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற சில ஆண்டுகளுள் வன்னியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் தமது மகளின் பெறுபேற்றுத் தாளோடு எமது அலுவலகத்துக்கு வந்தார். உயிரியற் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி, புள்ளியும் மோசமில்லை. மருத்துவம் கிடைக்காதென்பது அவருக்கும் தெரிந்ததே. “ஐயா, வேறு ஒன்றும் கிடைக்கவில்லையே, ஏன்?” என்று கேட்டார். விண்ணப்பத்தின் பிரதியைப் பார்த்தோம். அவ்வாண்டு அவர் மாவட்டத்திலிருந்து தாதியர் பட்டப்படிப்புக்குத் தெரிவானோரின் எல்லைக்கு மேலேயே அப்பிள்ளை நின்றாள். ஆனால் விருப்பப் பட்டியலில் அக்கற்கைநெறியை எழுதவேயில்லை. எழுதாத படிப்பை ஆணைக்குழு வழங்காது. தாதி வேலை எங்கள் பிள்ளைக்கு எதற்கு என்று யாரோ பெரியவர் சொன்னாராம். பட்டியலை மாற்றும் காலமும் கடந்துவிட்டிருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்காண்டுத் தாதியர் பட்டப்படிப்பு உண்டு என்பதையே அறியாத பெற்றோர் எத்தனைபேர்! போதனாமொழி ஆங்கிலம். தெரிவோ நாடு முழுவதற்கும் பொதுவான இசட் புள்ளியாலும் பங்கீட்டாலுமே நடைபெறுவது. ஆகவே தென்மாகாணப் பிள்ளைகளும் யாழ்ப்பாணம் வந்து பயில்கின்றனர். அதனை நாம் குறைகூறவில்லை, வரவேற்கின்றோம். ஆனால் மாங்குளத்து வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் முதியவள் தன் நெஞ்சுநோவைத் தன் மொழியிற் சொல்லி விளங்கவைக்கக்கூடிய தாதிகள் போதிய தொகையில் வேண்டுமாயின், எமது பிள்ளைகள் அப்படிப்பை மருத்துவம் தவறியோரின் ஆறுதற் பரிசாக எண்ணாது முதல் வரிசையிலேயே எழுதவேண்டும். கைந்நூலிலே நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் உள்ளன. அதனைப் பக்கம் பக்கமாகப் பிள்ளையோடிருந்து படித்துக் காட்டும் ஆசிரியர் பட்டினக் கல்லூரிகளில் உண்டு. கிராமத்திலே அப்பணியைச் சனசமூக நிலையங்கள் ஏற்கலாம். விண்ணப்பம் இணையவழியாகிவிட்ட இக்காலத்தில் அது முன்னையிலும் அவசியம்.

வெளிநாட்டிற் பயின்றோருக்கான வாயிலும் இதே குற்றமுடையதே. பிறநாட்டுப் பிரஜைகள் கட்டணம் செலுத்திப் புகுவதற்கு ஒரு வழியுண்டு, அதுபற்றி எமக்கு வழக்கில்லை. பிறநாட்டுப் பரீட்சையிற் சித்தியெய்திய இலங்கைப் பிரஜைகளுக்கென மிகச் சிறிய பங்கொன்றும் ஒதுக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டிலே பெரும் உத்தியோகம் பார்த்தவரின் பிள்ளையும், மண்டபம் முகாமிலே பிறந்து தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துத் தாய் தந்தையரின் ஊருக்குத் திரும்பிய பிள்ளையும் அவ்வொரே இடுக்கில் நெருங்கவேண்டியவர். பின்னவருக்கு இன்னொரு தடையும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, பிறநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிவுசெய்திருத்தல் வேண்டும், தவறின் அமைச்சரின் அனுமதி பெற்றுப் பிந்திப் பதியவேண்டும். படகேறி உயிர்தப்பியவர்களிடம் பதிவுத் துண்டு எங்கே என்று கேட்கும் சட்டம் இது. திரும்பிவந்த அகதிப் பிள்ளைகளை உள்நாட்டு மாணவராகவே கொண்டு, பெற்றோரின் மாவட்டத்தின் கீழ் அவர்களைச் சேர்த்தல் ஒன்றே நீதி. பிரஜாவுரிமைப் பத்திரம் கைவராதவர்கள் பரீட்சை முடியும்வரை காத்திராது இப்பொழுதே விண்ணப்பிப்பாராக.

2024இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பின் தொகைகளைக் கொண்டு மாவட்டப் பங்குகள் மீளக் கணிக்கப்படும் வேளை வரும். அதற்கு முன்னர் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே ஒரேயொரு கேள்வியைக் கேட்கவேண்டும். சென்ற ஐந்து ஆண்டுகளில் மருத்துவம், பொறியியல், விவசாயம், தாதியியல் என்னும் நான்குக்கும் மாவட்டப் பங்கினாலும் பின்தங்கிய மாவட்டப் பங்கினாலும் தெரிவானோர், சாதாரண தரம்வரை எவ்வகைப் பள்ளிகளிற் பயின்றவர்கள் என்பதே அக்கேள்வி. அவர்கள் கேளாவிடினும் வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் இதனை ஆணைக்குழுவிடம் எழுத்திற் கேட்கலாம். அவ்விண்ணப்பத்தை இவ்வாரமே நாம் தபாலிற் சேர்க்கின்றோம். தத்தம் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோரின் தொகையை, ஆண்டுவாரியாகவும் கற்கைநெறிவாரியாகவும், விஞ்ஞான ஆசிரியர் இல்லாதிருந்த மாதங்களையும் சேர்த்து, அதிபர்கள் எமக்கு எழுதியனுப்பினால், ஆணைக்குழுவின் விடை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எம்மிடம் கணக்கொன்று ஆயத்தமாயிருக்கும்.