வீடுகள் பெருகின, வீட்டார் எங்கே?



ஒரு நகரம் வளர்கின்றது என்பதை எதைக் கொண்டு அறிகிறோம்? மக்கள் பெருகுவதைக் கொண்டா, கட்டடங்கள் பெருகுவதைக் கொண்டா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாகர்கோவிலே சான்று.

1961இல் இந்நகரின் மக்கள்தொகை 1,06,207, 1971இல் 1,41,288. பத்தாண்டுகளில் 100க்கு 33 பேர் கூடினர். 2001இல் 2,08,179ஆக இருந்த தொகை 2011இல் 2,24,849 ஆயிற்று. கூடியவர் 100க்கு 8 பேரே. 2019இல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்தது. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமையால், 2011ஆம் ஆண்டின் கணக்கையே நாம் நோக்க வேண்டியுள்ளது. அதன்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் 100க்கு 9 பேர். நாடு முழுவதிலுமோ 13 பேர். ஒரு குடும்பத்திற்குச் சராசரி நால்வர்கூட இல்லை. 1,000 ஆண்களுக்கு 1,045 பெண்கள். ஆண்மக்கள் பலர் பிழைப்பை நாடி வெளியூர் சென்றிருப்பது இதற்கொரு காரணம் எனலாம்.

இங்கே பெரும் ஆலைகள் இல்லை. கல்வி, மருத்துவம், வாணிகம் ஆகிய மூன்றே நகரைத் தாங்குகின்றன. இவற்றோடு வளைகுடா நாடுகளிலும் கேரளத்திலும் சென்னை, பெங்களூரிலும் நம் பிள்ளைகள் ஈட்டி அனுப்பும் பணம் வந்து சேருகின்றது. அப்பணம் தொழிலில் இறங்குவது குறைவு. மனையாகவும் மாடியாகவும் மாறுவதே மிகுதி. வீடு இங்கே சேமிப்பு, மகளுக்குச் சீதனம், ஊரார் முன் மதிப்பு. குடியிருப்பதற்கு என்னும் முதல் நோக்கம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. புதுமனை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் காண்பது இதுவே: மாடியில் மூன்று அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, கீழே முதிய தாயும் தந்தையும் மட்டும் இருக்கின்றனர்.

இதற்கு நிலம் கொடுத்த விலை பெரிது. நம் முன்னோர் மேட்டு நிலமாகிய விளையில் வீடு கட்டினர்; தாழ்ந்த ஏலாவை நெல்லுக்கு விட்டனர். வல்லன்குமாரன்விளை போன்ற ஊர்ப்பெயர்களில் அவ்வறிவு இன்றும் தங்கியிருக்கின்றது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரால் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த வயல்கள் பல, இன்று மண்ணிட்டு நிரப்பப்பட்டுச் சென்ட் கணக்கில் விலையாகின்றன. நாஞ்சில் என்றால் கலப்பை என்று பொருள். கலப்பைக்கு இடமில்லாத நாஞ்சில் நாட்டை நம் பேரர்க்கு விட்டுச் செல்லப் போகிறோமா? 2021 நவம்பர் மழையில் மாவட்டமெங்கும் வெள்ளம் சூழ்ந்தது. மழை அளவு மீறிப் பெய்தது உண்மையே. ஆயினும் தண்ணீர் தங்கும் வயலையும் குளத்தையும் வடிகாலையும் அடைத்தவர்கள் மழையை மட்டும் பழிப்பது முறையன்று.

இன்னொரு புறமும் உண்டு. இந்நகரை நடத்துகின்ற செவிலியர், கடைப் பணியாளர், தனியார் பள்ளி ஆசிரியர், வடமாநிலக் கொத்தனார் ஆகியோருக்கு ஒரு சென்ட் நிலமும் எட்டாக் கனி. வாடகைக்கோ ஒத்திக்கோ வீடு தேடி வருவோரிடம், குடும்பம் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னரே சாதி என்ன என்று கேட்கும் வீட்டுக்காரர் நம் பங்குகளிலும் உள்ளனர். ஞாயிறன்று ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டுத் திங்களன்று இவ்வாறு கேட்பது எவ்வகை நீதி?

ஆகவே சில கூறுவோம். தேவைக்கு ஏற்ற அளவில் கட்டுங்கள். மனை வாங்குமுன் அது வயலா, குளத்தின் கரையா, முறையான அனுமதி உடையதா என விசாரியுங்கள். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான், வாழ்நாள் சேமிப்பை எங்கே போட்டோம் எனப் பலர் விழித்தனர். பூட்டிய மாடியை ஒரு நல்ல குடும்பத்திற்கு நியாயமான வாடகைக்கு விடுங்கள். இரவில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓடிவர ஆள் இருக்கும். பெற்றோருக்குப் பேச்சுத் துணையும் கிட்டும்.

அடுத்தமுறை வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்து, இன்னொரு மாடி எடுப்போமா என்று கேட்டால், அதில் யார் குடியிருப்பார் என்று அவனிடம் திருப்பிக் கேளுங்கள். விடை கிடைத்த பின்னர் கொத்தனாரை அழைக்கலாம்.