விலை உறை பிரிக்கும் முன்பே...

பாப்பாரப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்ட அந்தத் தியாகி 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது இந்த ஊரில்தான். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடித்து மகள் நடந்து வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்ற கவலையும் உண்டு. அந்த விளக்கு, அதன் வயர், சுவிட்ச் பெட்டி, தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டியின் டயர் எல்லாமே பேரூராட்சி யாரிடமோ காசு கொடுத்து வாங்குபவை. அந்த 'யாரோ' எப்படி முடிவாகிறார்?

கடைவீதியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இருபது வருட வியாபாரம். பி.காம். முடித்த மகள் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் செல்போனில் எதையோ தேடியவள், தெருவிளக்கு உதிரிபாகங்கள் ஓராண்டுக்கு வழங்க எட்டு லட்ச ரூபாய் மதிப்பில் டெண்டர் வந்திருப்பதைப் பார்க்கிறாள்.

"ஏம்ப்பா, நாமளே போடலாமே?"

"அதெல்லாம் பெரிய கைங்க சமாச்சாரம் பாப்பா. முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்க."

இந்த பதில் ஏறக்குறைய எல்லா ஊர்க் கடைவீதியிலும் கேட்கும். முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் டெண்டர் போட்டுத் தோற்ற சிறு வியாபாரிகளில் பலர் தோற்றது பேசி முடித்தவர்களிடம் அல்ல. அவர்கள் சொன்ன விலையை யாரும் பார்க்கவே இல்லை. விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே, காகிதக் கட்டத்திலேயே வெளியே தள்ளப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் பொருள் வாங்குவதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. பெயர் வாயில் நுழையச் சிரமம்தான். உள்ளே இருப்பது சாதாரண ஆளுக்கும் புரியக்கூடிய விஷயம். இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் போனால் 30 நாள். அவகாசத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்துத்தான் குறைக்க முடியும். எந்த அளவுகோலில் தேர்வு செய்வார்கள் என்பதை ஆவணத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அந்த அளவுகோலின்படி குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களை ஏன் நிராகரித்தார்கள் என்பது பதிவாக வேண்டும்.

எல்லா டெண்டரும் இந்தக் கடைக்காரருக்கு உரியவை அல்ல. தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவும், வயதானவர்களுக்கு மூட்டு வலியாகவும் அது வெளியே தெரிந்தது. அதற்குத் தீர்வாக, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் திறக்கப்பட்டது. அந்த மாதிரி வேலைக்குப் பெரிய நிறுவனங்கள்தான் வர முடியும். ஆனால் பெரிய குழாயில் வந்த தண்ணீர் தெருவுக்குள் இறங்கியதும், வால்வு பழுதானால், மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டுமென்றால், அது உள்ளூர் வேலை. எட்டு லட்ச ரூபாய் டெண்டர்கள் அங்கேதான் பிறக்கின்றன.

சரி, மகள் பிடிவாதமாக ஆவணத்தை இறக்குமதி செய்கிறாள். தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில் காசு கட்டாமலேயே இறக்கிக்கொள்ளலாம். நாற்பது, ஐம்பது பக்கம் வரும். அப்பா உடனே கடைசிப் பக்கத்தைத் தேடுவார். விலைப் பட்டியல் அங்கேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மீட்டர் வயர், எத்தனை ஹோல்டர், எத்தனை விளக்கு. மனதுக்குள் கணக்குப் போட்டு, "நாம இதைவிடக் கம்மியா தரலாமே" என்பார். இருபது வருட அனுபவம் அங்கே பேசுகிறது. ஆனால் டெண்டரின் உயிர் இருப்பது நடுப் பக்கங்களில், 'தகுதி நிபந்தனைகள்' என்ற தலைப்பின் கீழ்.

பல டெண்டர்கள் இரண்டு உறை முறையில் நடக்கின்றன. முதல் உறையில் தகுதிக் காகிதங்கள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலையை மட்டும்தான் பார்ப்பார்கள். முன்பெல்லாம் அரக்கு முத்திரை வைத்த கவரோடு அலுவலகப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கவர் உள்ளே போவதும் போகாததும் நடக்கும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் வழி. வாசலில் வழிமறிக்க ஆள் இல்லை. வேறு வாசல்கள் முளைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் வாசல், டிஜிட்டல் கையெழுத்து. மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கி, பென் டிரைவ் போன்ற ஒரு டோக்கனில் வைத்துக்கொள்ள வேண்டும். பான் கார்டில் ஒரு இனிஷியல், ஜி.எஸ்.டி. பதிவில் இன்னொரு இனிஷியல் என்றிருந்தால் அதைச் சரிசெய்யவே பாதி அவகாசம் போய்விடும். டெண்டர் வந்த பிறகு டோக்கன் வாங்க ஓடுகிறவருக்கு 15 நாள் என்பது 15 நாள் அல்ல.

இரண்டாவது, முன்வைப்புத் தொகை. இ.எம்.டி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். கொள்முதல் மதிப்பில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. எட்டு லட்சத்துக்கு எட்டாயிரம். பெரிய தொகை இல்லை. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கடைக்காரரிடம் 'உத்யம்' பதிவுச் சான்று இருக்கும். சிறு, குறு நிறுவனங்களுக்கு இ.எம்.டி. விலக்கு உண்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவரும் சான்றை இணைத்துவிட்டுப் பணம் கட்டாமல் இருந்துவிடுவார். அந்தச் சலுகை தானே உற்பத்தி செய்து தருகிறவருக்கு. வாங்கி விற்கும் கடைக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்குத்தான் பயன்படும். எட்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் முதல் உறையிலேயே பெயர் அடிபடும்.

மூன்றாவது, கேட்டால் சிரிப்பு வரும். விலையை நிரப்பித் தர ஒரு எக்செல் கோப்பு கொடுப்பார்கள். அதன் பெயரை மாற்றக் கூடாது. ஒழுங்காக வைக்கிறேன் பேர்வழி என்று மகள் அதற்குக் கடைப் பெயரைச் சூட்டிவிட்டால் தளம் ஏற்றுக்கொள்ளாது. கடைசி நேரம் என்பதும் தளத்தின் கடிகாரப்படிதான். மாலை மூன்று மணி என்றால் மூன்று மணி. இரண்டே முக்காலுக்கு உட்கார்ந்து, நெட் சுற்றிக்கொண்டே இருக்க, நேரம் போய்விட்டால் முறையிட இடமில்லை. முதல் நாளே ஏற்றிவிடுவதுதான் இதற்கு ஒரே வைத்தியம்.

இவை எல்லாம் கவனமாக இருந்தால் தாண்டக்கூடியவை. தாண்டக் கடினமான வாசல் ஒன்று உண்டு. முன் அனுபவம்.

'இதே போன்ற பொருள் வழங்கிய அனுபவம் இருக்க வேண்டும்' என்ற வரி பெரும்பாலான டெண்டர்களில் வரும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ல் மத்திய நிறுவனங்களின் பணிகளுக்காக ஒரு கணக்குச் சொன்னது. கடந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவிகிதம் அளவுக்கு மூன்று வேலை, அல்லது 50 சதவிகிதத்துக்கு இரண்டு, அல்லது 80 சதவிகிதத்துக்கு ஒன்று செய்திருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அதே மாதிரி ஒரு நிபந்தனை எட்டு லட்சத்து டெண்டரில் வந்தால், கடைக்காரர் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மூன்று முறை சப்ளை செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். முதல் முறை வருகிறவர் எங்கே போவார்?

வாங்குகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குறைந்த விலை சொன்ன ஒரே காரணத்துக்காக முன்பின் தெரியாதவரிடம் கொடுத்து, அவர் பாதியில் கைவிட்டால் தெரு இருட்டாகிவிடும். திட்டு வாங்குவது செயல் அலுவலரும் வார்டு உறுப்பினரும்தான். அதனால் அனுபவம் கேட்பது தவறில்லை. எட்டு லட்சத்துச் சப்ளைக்கு ஐம்பது லட்ச ரூபாய் அனுபவம் கேட்டாலோ, ஒரே ஒரு கம்பெனியின் பொருளுக்கு மட்டும் பொருந்துகிற அளவுகளை எழுதி 'அதற்கு இணையானது' என்ற சொல்லை விட்டுவிட்டாலோ, அது கேள்வி கேட்க வேண்டிய இடம். பேசி முடித்த டெண்டர் என்று ஒன்று இருந்தால் அதன் அடையாளம் இந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

எழுதிய நிபந்தனையை எழுதியவரே மீறலாமா என்ற கேள்வி 1979-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர். இரண்டாம் தர உணவகத்தை ஐந்தாண்டு நடத்திய அனுபவம் வேண்டும் என்று அறிவிப்பு சொன்னது. மாதம் 6,666 ரூபாய் 66 காசு தருவதாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் கேன்டீன் நடத்தியவர்கள், கேட்டிருந்த தகுதி அவர்களிடம் இல்லை. ஆர்.டி.ஷெட்டி என்பவர் வழக்குப் போட்டார். அவர் டெண்டரே போடவில்லை. 'எனக்கும் அந்தத் தகுதி இல்லை. அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே' என்பது அவர் வாதம். நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பு அதை ஏற்றது. அரசு அமைப்பு தானே அறிவித்த அளவுகோலை விட்டு விலக முடியாது என்றது. ஆனாலும் ஷெட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்குக்கு வரத் தாமதித்துவிட்டார், அதற்குள் எதிர்த் தரப்பு ஒன்றேகால் லட்ச ரூபாய் செலவழித்துவிட்டது, அவருக்கு இதில் உண்மையான அக்கறையும் இல்லை என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்யாமல் விட்டுவிட்டார்கள். சட்டப் படிப்பில் இன்றும் சொல்லித்தரப்படும் வழக்கு அது.

தாமதம் என்ற அந்தச் சங்கதி நம் கடைக்காரருக்கும் பொருந்தும். நிபந்தனை அநியாயமாகத் தெரிந்தால், டெண்டர் முடிவதற்கு முன்பே அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். நியாயமான கேள்வி என்றால் திருத்த அறிவிப்பு வெளியிடலாம். தோற்ற பிறகு டீக்கடையில் பேசுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. முடிவில் குறை இருப்பதாக நினைக்கும் போட்டியாளர், உத்தரவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். அதைப் பதினைந்து நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

விலை உறை பிரிந்த பிறகு நடப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதானால் குறைந்த விலை சொன்னவரிடம் மட்டும்தான் பேச முடியும். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுக் கிசுகிசுக்கக் கூடாது. வேலையைப் பிடித்தே தீருவது என்று மதிப்பீட்டைவிட ரொம்பக் கீழே இறங்கினால், கூடுதலாகப் பாதுகாப்பு வைப்பு கட்டச் சொல்வது இங்கே வழக்கம். பிறகு மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம். தான் உறுப்பினராக இருக்கும் மன்றத்தின் ஒப்பந்தத்தில் தனக்கே பங்கு வைத்திருக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். பழைய சங்கதிதான் இதுவும். 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினர்களையும் தேர்தலுக்கு வராதே என்கிறது.

பில் போட்டதும் கைக்கு வருவது முழுத் தொகை அல்ல. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் இரண்டு சதவிகிதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிறகு கணக்கில் வரவாகும் என்றாலும், அதுவரை கைமுதல் வேண்டும். விலை போடும்போதே இதையும், பணம் வரக் காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டியையும் சேர்க்காதவர், டெண்டர் கிடைத்தும் நஷ்டப்படுவார்.

மகள் எல்லாவற்றையும் படித்து முடித்து அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். "இருபது வருஷத்துல கவர்மென்ட்டுக்கு எதுவுமே சப்ளை பண்ணலையாப்பா?"

பண்ணியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஃபேன், கூட்டுறவுச் சங்கத்துக்கு வயரிங் சாமான், எப்போதோ பேரூராட்சிக்கே அவசரத்துக்கு இருபது விளக்கு. எல்லாம் டெண்டர் இல்லாமல், மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி முடித்த சின்னச் சின்னக் கொள்முதல். பில் கொடுத்தார், செக் வந்தது, மறந்துவிட்டார். சப்ளை ஆர்டரின் நகலை வைத்திருக்கவில்லை. 'குறித்த காலத்தில் முழுமையாக வழங்கினார்' என்று ஒரு சான்று கேட்டு வாங்கவில்லை. அனுபவம் இருக்கிறது, காகிதம் இல்லை. அந்தத் தொகைகளைக் கூட்டினாலும் இந்த எட்டு லட்சத்து டெண்டருக்குப் போதாது. மூன்று லட்சத்து டெண்டர் ஒன்று வந்தால் ஒருவேளை போதும்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அவள் பரணிலிருந்து பழைய பில் புத்தகங்களை இறக்குகிறாள். அப்பா தூசி தட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் போட்ட தேதியைத் தேடுகிறார். "இப்ப புது ஹெட்மாஸ்டர் வந்துட்டாரே, அவர் எப்படிம்மா சர்டிபிகேட் தருவாரு?" என்று கேட்கிறார். ஸ்டாக் ரெஜிஸ்டரில் வரவு வைத்திருப்பார்கள், பில் நம்பரைச் சொன்னால் போதும் என்கிறாள் மகள்.