மூணு அஞ்சாகும், அஞ்சு மூணாகுமா?

டேட்டாபேஸில் கூட்டம் தாங்கவில்லையா? பெரிய மெஷின் வேண்டாம் சார், சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். கூகுள் 2014-ல் வெளியிட்ட குபெர்னெட்டிஸிடம் 3 என்பதைத் திருத்தி 5 என்று எழுதினால் போதும், ரெண்டு புதுசு டியூட்டிக்கு வந்துவிடும்.

குறைக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே லெட்ஜர் இருக்கிறதா என்று அது பார்க்காது. கடைசி நம்பரைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். காக்ரோச்டிபியில் (கரப்பான் மாதிரி சாகாதாம்!) எதற்கும் வழக்கமாக 3 பிரதி. அதில் ரெண்டு, போகிற ரெண்டு மெஷினில் இருந்தால்? மிச்சமுள்ள ஒண்ணுக்கு மெஜாரிட்டி இல்லை, வாயே திறக்காது.

எனக்குத் தெரிந்த பி.காம். பாஷையில் சொல்கிறேன்: சார்ஜ் ஒப்படைக்காமல் கேஷியரை ரிலீவ் பண்ணக் கூடாது. அதைக் கவனிக்கிற ஹெட்கிளார்க்தான் 2016-ல் கோர்ஓஎஸ் கம்பெனி கொண்டுவந்த 'ஆபரேட்டர்'. பிரதிகளை மற்ற மெஷின்களுக்கு மாற்றிவிட்டுத்தான் அனுப்பும். எல்லா ஆபரேட்டருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. உங்களுடையது எப்படி? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.