எவ்வளவு குடிச்சாலும் ‘ஸ்டெடி’யா?

“எங்க வீட்டுக்காரர் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா இருப்பார். தள்ளாட மாட்டார், வாய் குழறாது!” இப்படிச் சற்றுப் பெருமையாகவே சொல்லும் பெண்மணிகளைப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் மத்தியில் இதற்குக் ‘கெப்பாசிட்டி’ என்று பெயர். என்னைக் கேட்டால், முதலில் கவலைப்பட வேண்டியதே இதற்குத்தான். முன்பு ஒரு பெக்கில் ஏறிய போதைக்கு இன்று ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறதென்றால், மூளை மதுவுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, காலை நேரத்தைக் கவனியுங்கள். காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா? காரணமில்லாமல் வியர்க்கிறதா? கொஞ்சம் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடுகிறதா? இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இது வெறும் கெட்ட பழக்கமல்ல, வியாதி.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ஈவிங் 1984-ல் நான்கு கேள்விகளை எழுதி வெளியிட்டார். குடியைக் குறைக்கணும்னு எப்பவாவது நினைச்சதுண்டா? யாராவது குறை சொன்னா எரிச்சல் வருதா? குற்ற உணர்ச்சி இருக்கா? காலையில் எழுந்ததுமே குடிச்சதுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது. (போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும்!)

“மாலை போட்டப்ப 41 நாள் தொடவே இல்லையே, நான் எப்படி அடிமை?” என்பார். விரதம் இருந்தது நிஜம்தான். மாலையைக் கழற்றிய பிறகு ஒன்றோடு நிறுத்த முடிந்ததா? அதைக் கேளுங்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடாதது. தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலப்பது. டைசல்ஃபிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்; மாரடைப்புகூட வரலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது. இப்படி ரகசியமாகக் கொடுப்பதை எந்தப் பாசத்தின் பெயராலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

“கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரே, என்ன பண்றது?” பரவாயில்லை, முதலில் நீங்கள் மட்டும் போங்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் சிகிச்சை அமைப்பைத் தொடங்கியபோது, குடும்பத்தாரையும் அதில் சேர்த்துக்கொண்டார்.