கடலைப் படிக்கப் போகிறாளாம்!

எங்கள் தெருவில் ஒரு நண்பர். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். போன மாதம் ஒரு மாலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்கள்தான் ஸார் புத்தி சொல்ல வேண்டும். உங்கள் நாவல் என்றால் அவளுக்கு உயிர். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

விஷயம் இதுதான்: அவருடைய பெண் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியிருக்கிறாள். மேற்கொண்டு கடலியலில் எம்.எஸ்ஸி. படிப்பேன் என்கிறாளாம். "கடலில் என்ன ஸார் இருக்கிறது படிக்க? தண்ணீர், உப்பு, மீன்! இதற்கு இரண்டு வருஷமா?" என்றார்.

நான் புத்தி சொன்னேன், அவருக்கு. கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் போல நினைப்பவர்கள் ஊரில் ஏராளமாக இருப்பதால், அன்று சொன்னதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் அந்த உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. வங்காள விரிகுடாவின் வடகோடியில், மேற்பரப்பில், இந்தக் கணக்குப் பொய்த்துப் போகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற நன்னீர் அங்கே ஒரு போர்வையாகப் பரவி நிற்கிறது. லேசான நீர் மேலே, கனமான நீர் கீழே. இரண்டும் சுலபத்தில் கலப்பதில்லை. வெயிலின் சூடு மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சூட்டைத் தின்றுதான் புயல்கள் கொழுக்கின்றன. நண்பர் உதறித் தள்ளிய உப்பில், நம் வீட்டுக் கூரை நிலைப்பதும் பறப்பதும் கூட அடங்கியிருக்கிறது!

நம் கரையோர நீரோட்டமும் அப்படித்தான். மாசி, பங்குனியில் வடக்கே ஓடுவது, ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பி ஓடுகிறது. காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து நடத்துகிற கூத்து இது. கணிதமும் பௌதிகமும் இல்லாமல் இதில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

"மீனவர்களுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியப்போகிறது?" என்பது அடுத்த கேள்வி. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்த அவர்களுடைய அறிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த அறிவுக்கும் எட்டாத ஆபத்து உண்டு.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, நம் நேரப்படி காலை 6.29-க்கு, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அந்த மாதிரி அலையின் வேகம் கிடைத்துவிடும். 3,500 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 670 கிலோமீட்டர். கணக்கு புத்தகத்தில் இருந்தது. அதைக் கரையிலிருந்தவனுக்கு எடுத்துச் சொல்ல ஏற்பாடுதான் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949-லேயே எச்சரிக்கை நிலையம் வந்துவிட்டது. நமக்கு ஹைதராபாத்தில் அது அமைந்தது 2007-ல்!

அதே தினம் தாய்லாந்தில் ஒரு கடற்கரையில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்து வரும் விதத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். இரண்டு வாரம் முன்புதான் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அங்கிருந்தவர்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். ஒரே ஒரு பாடம், ஐயா!

"பெண்பிள்ளை கப்பலில் போவதா?" என்றும் கேட்டார். அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணியையும் இதைச் சொல்லித்தான் கரையில் நிறுத்தினார்கள். ஆண்கள் கப்பலில் போய் அளந்து வந்த ஆழங்களைக் கொண்டு, மேஜை முன் உட்கார்ந்தபடியே அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் நடுவே பெரும் பிளவு ஓடுவதை அவர் கண்டுபிடித்தார். பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் தள்ளினார்கள். பிறகு உலகமே ஒப்புக்கொண்டது. நம் அதிதி பந்த், கடலியல் படித்த பெண், 1983-ல் அண்டார்டிகாவுக்கே புறப்பட்டார்.

வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கோவாவில் ஒரு நிலையம், பள்ளிக்கரணையில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று என்று விரல்விட்டு எண்ணலாம், போட்டியும் உண்டு. ஆனால் வேலை நிச்சயம் என்று நம்பி இன்ஜினீயரிங்கில் சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நண்பர் தெருவைச் சுற்றிப் பார்க்கட்டும்.

கடைசியாக, குற்றத்தில் என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கதைகளில் கடல் எத்தனையோ தரம் வந்திருக்கிறது. நிலா காயும், கதாநாயகி அழுவாள், அலையும் கூடச் சேர்ந்து அழும். அந்த அலை எங்கே புறப்பட்டு வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று பக்கம் கடலை வைத்துக்கொண்டு, அதைச் சுண்டல் தின்னும் இடமாகவும் கண்ணீர் விடும் இடமாகவும் ஆக்கியதில் எழுத்தாளர்களுக்கும் பங்கு உண்டு. என் நாவல்களைப் படித்த பிறகும் அந்தப் பெண்ணுக்குக் கடலைப் படிக்கத் தோன்றியதென்றால், அது அவளுடைய சமர்த்து.

நண்பரே, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறதாமே? கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் என்னோடு சண்டை போடலாம்; வீட்டில்தான் இருப்பேன்.